தேனீயின் உடலுக்குள் நடந்தது என்ன? – பூச்சிநாசினிகளும் மரபணுக்களும்: ஒரு முப்பது ஆண்டு வழக்கு

பிரான்ஸின் மேற்குப் பகுதியில் சூரியகாந்தி வயல்கள் பூத்துக் குலுங்கும் காலம் ஜூலை மாதமாகும். அந்நாட்களில் தேனீ வளர்ப்போர் தமது பெட்டிகளை வாகனங்களில் ஏற்றிச்சென்று அவ்வயல்களின் ஓரங்களில் வைப்பது நெடுங்கால வழக்கம். சூரியகாந்தித் தேனே அவர்களுக்கு அவ்வாண்டின் பெருவருமானம். 1994ஆம் ஆண்டு வைக்கப்பட்ட பெட்டிகளில் வழமைக்கு மாறான ஒன்று நிகழ்ந்தது. காலையில் பறந்து சென்ற தேனீக்களில் பெருந்தொகையானவை மாலையில் திரும்பி வரவில்லை. திரும்பியவற்றுட் சில கூட்டின் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றன. சில தமது உடலையே ஓயாது துடைத்துக்கொண்டிருந்தன. பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது குவியல் குவியலாகச் செத்த தேனீக்கள் எவையும் இல்லை. தேனும் இல்லை.

இறந்த உடல்கள் கிடைக்காத இடத்தில் கொலைவழக்குத் தொடுப்பது எத்துணை கடினமானது என்பதைப் பொலிஸ் செய்தி எழுதிப் பழகியவர்கள் அறிவார்கள். பிரான்ஸின் தேனீ வளர்ப்போருக்கு நேர்ந்ததும் அதுவே. அவ்வாண்டுதான் 'கௌச்சோ' என்னும் வர்த்தகப் பெயர் கொண்ட மருந்து பூசப்பட்ட சூரியகாந்தி விதைகள் அந்நாட்டு வயல்களில் முதன்முதலாக விதைக்கப்பட்டிருந்தன. இவ்வொற்றுமையை அவர்கள் சுட்டிக்காட்டினர். மருந்தினைத் தயாரித்த பேயர் நிறுவனமோ, விதையில் இடப்பட்ட மருந்து பூ மலரும் காலத்தில் தேனீயைப் பாதிக்கும் அளவில் இருப்பதில்லை என்றது. தேனீக்களின் அழிவுக்கு வரோவா என்னும் ஒட்டுண்ணிச் சிற்றுண்ணி, வைரசு நோய்கள், காலநிலை, வளர்ப்போரின் கவனக்குறைவு எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. அவற்றுட் சில உண்மையுமாகும். வரோவாவைக் கணக்கில் எடுக்காது தேனீயின் அழிவைப் பற்றி எழுதுவது நேர்மையற்றது. ஆயினும், வரோவா பிரான்ஸுக்கு 1994இல் வந்த புது விருந்தாளி அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இம்மருந்தின் பூர்வீகம் புகையிலையில் தொடங்குகின்றது. புகையிலையை ஊறவைத்த நீர் பூச்சிகளைக் கொல்லும் என்பதை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். புகையிலைத் தோட்டங்களோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு இதனை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அதிலுள்ள நிக்கொட்டின், நரம்புக்கலங்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் அசற்றைல்கோலின் என்ற பொருள் வந்து அமரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொண்டு, நரம்பினை ஓயாது தூண்டிவிடுகின்றது. ஆனால், நிக்கொட்டின் மனிதருக்கும் கொடிய நஞ்சு. பூச்சியின் நரம்பில் இறுகப் பற்றி, மனிதரின் நரம்பில் தளர்வாகப் பற்றும் ஒரு பொருளை உருவாக்குவதே இரசாயனவியலாளரின் கனவாக இருந்தது. 1970களில் கலிபோர்னியாவிலிருந்த ஷெல் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் நித்தியசின் என்ற பொருள் பிறந்தது. அது சூரிய ஒளியில் விரைவாகச் சிதைந்துபோனதால் வயலுக்கு உதவவில்லை. அதனை அடியொற்றி ஆராய்ந்த ஜப்பானிய இரசாயனவியலாளர் ஷின்சோ ககாபு, 1985இல் இமிடாக்ளோபிரிட் என்னும் பொருளை உருவாக்கினார். 1991இல் அது சந்தைக்கு வந்தது. நியோநிக்கொட்டினொயிட் என்று இன்று அழைக்கப்படும் குடும்பத்தின் மூத்த பிள்ளை இதுவே. குளோதியானிடின், தயாமெதொக்சாம், தயாக்ளோபிரிட், அசெட்டாமிபிரிட் ஆகியவை பின்வந்த உடன்பிறப்புகள்.

இக்குடும்பத்தின் தனிச்சிறப்பு, இது நீரில் கரைந்து செடியினுள் ஊடுருவிப் பரவுவதாகும். விதையின் மேற்பூச்சாக இட்டுவிட்டால் வேர், தண்டு, இலை என்று செடி வளரும் இடமெல்லாம் மருந்தும் சேர்ந்து வளர்கின்றது. கமக்காரன் மருந்துத் தாங்கியை முதுகிற் சுமக்கத் தேவையில்லை. காற்றில் நஞ்சு பறப்பதும் குறைவு. இது உண்மையில் ஒரு நன்மையே. அந்நன்மையை எண்ணித்தான் பலர் இதனை வரவேற்றனர். ஆனால் செடியின் எல்லாப் பகுதிக்கும் செல்வது மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் செல்லாதிருக்குமா? அக்கேள்விக்கு விடைகாண்பதற்கே பல ஆண்டுகள் பிடித்தன.

பிரான்ஸின் விவசாய அமைச்சராக இருந்த ஜோன் கிளவனி, 1999 ஜனவரியில் சூரியகாந்தி விதைகளுக்குக் கௌச்சோ பூசுவதை இடைநிறுத்தினார். திட்டவட்டமான சான்று கிடைக்கும் முன்னரே, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின் பெயரால் எடுக்கப்பட்ட முடிவு அது. பின்னர் ஓர்லியன்ஸ் நகரிலுள்ள அரச ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜோன்-மார்க் பொன்மத்தானும் அவரது சகாக்களும் சூரியகாந்தி மகரந்தத்தில் இம்மருந்து இருப்பதை அளந்து காட்டினர். நூறு கோடிப் பங்கில் இரண்டு, மூன்று பங்கு என்ற அளவில் அது இருந்தது. 2003இல் அரசாங்கம் அமைத்த அறிவியல் குழுவும் இம்மருந்தினால் ஏற்படக்கூடிய ஆபத்துக் கவலைக்குரியது என்று அறிக்கையிட்டது. 2004இல் சோள விதைகளுக்கும் தடை நீடிக்கப்பட்டது.

நூறு கோடியில் மூன்று பங்கு என்பது ஒரு தேனீயைக் கொல்லப் போதாது. இமிடாக்ளோபிரிட் ஒரு தேனீயைக் கொல்வதற்கு ஒரு கிராமின் நூறு கோடியில் ஏறக்குறைய நான்கு பங்கு அதன் வயிற்றுக்குள் செல்லவேண்டும். ஒரு வேளை உணவில் அவ்வளவு சேர்வதில்லை. ஆகவே நிறுவனத்தின் வாதம் எண்கணக்கின்படி சரியானது. ஆனால் கூடுகள் வெறுமையாகின என்பதும் கண்கண்ட உண்மை. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையில் கிடந்த இடைவெளியை நிரப்பியது, பிற்காலத்தில் வளர்ந்த மரபணு ஆய்வே ஆகும்.

ஒரு மருந்துக்கு அனுமதி வழங்குமுன் தேனீக்களில் நடத்தப்பட்ட அடிப்படைச் சோதனை மிகவும் எளியது. சில தேனீக்களைக் கூண்டில் அடைத்து, மருந்தினைச் சீனிப்பாகிற் கலந்து ஊட்டுவார்கள்; அல்லது முதுகில் ஒரு துளி வைப்பார்கள். 48 மணித்தியாலங்கள் கழித்து எத்தனை இறந்தன என்று எண்ணுவார்கள். பாதி இறக்கும் அளவு எதுவோ அதுவே அம்மருந்தின் நச்சளவு. உயிரோடிருக்கும் மீதித் தேனீக்கள் வழி மறந்தனவா, குஞ்சுக்கு ஊட்டும் திறன் இழந்தனவா, நோயெதிர்ப்புக் குன்றினவா என்ற கேள்விகள் அப்பரீட்சைத் தாளில் இல்லை. இந்தப் பழைய அளவுகோலுக்கு எட்டக்கூடிய பேரழிவு ஒன்று 2008 வசந்தகாலத்தில் ஜேர்மனியின் மேல் ரைன் பள்ளத்தாக்கில் நடந்தது. சோள விதையில் குளோதியானிடின் சரியாக ஒட்டாமல், விதைக்கும் இயந்திரத்தின் காற்றோடு தூசியாகப் பறந்து அயலிற் பூத்திருந்த மரஞ்செடிகளில் படிந்தது. பாடன்-வூட்டம்பேர்க் மாநிலத்தில் சுமார் 700 பேருக்குச் சொந்தமான ஏறக்குறைய 11,500 கூடுகள் பாதிக்கப்பட்டன. அங்கே செத்த தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. அவற்றை அள்ளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினர், நஞ்சு கண்டறியப்பட்டது, அதே மே மாதத்தில் அதிகாரிகள் அனுமதியை இடைநிறுத்தினர். உடல் கிடைத்தால் வழக்கு எவ்வளவு விரைவாக முடிகின்றது என்பதற்கு இது உதாரணம். பிரான்ஸில் கிடைக்காமற் போனது அந்த உடல்களே.

2006ஆம் ஆண்டு இக்கதையில் முக்கியமானது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஐரோப்பியத் தேனீயின் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டு வெளியிடப்பட்டது. மறு மாதம், நவம்பரில், பென்சில்வேனியாவைச் சேர்ந்த தேனீ வளர்ப்பாளர் டேவ் ஹக்கன்பேர்க், புளோரிடாவில் வைத்திருந்த தமது நூற்றுக்கணக்கான பெட்டிகள் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டார். 'கூட்டுச் சிதைவு நோய்' என்ற பெயரில் உலகப் பத்திரிகைகளையெல்லாம் நிறைத்த செய்தி அதுவே. அந்நோய்க்குத் தனியொரு காரணமென எதனையும் நிறுவ முடியவில்லை என்பது வேறு விடயம். நமக்கு இங்கு வேண்டியது அதற்கு முந்திய மாதத்துச் செய்தி.

மரபணுத் தொகுதியை வாசித்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டனர். நஞ்சை முறித்து வெளியேற்றும் நொதியங்களை ஆக்கும் மரபணுக்கள் தேனீயில் மிகக் குறைவு. பீ-450 எனப்படும் நொதியக் குடும்பத்தில் பழ ஈக்கு 85 மரபணுக்கள். மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக்கு 106. தேனீக்கோ 46 மட்டுமே. நஞ்சு முறிக்கும் ஏனைய இரு பெருங் குடும்பங்களிலும் இதே நிலைதான். நுளம்பு ஏன் எத்தனை மருந்தடித்தும் சாகாமல் பழகிக்கொள்கின்றது, தேனீ ஏன் பழகிக்கொள்வதில்லை என்பதற்கு இவ்வெண்கள் ஓரளவு விடை தருகின்றன. பூவின் தேனும் மகரந்தமும் செடி விருந்தாளிக்கென விரும்பிப் படைக்கும் உணவு. இலையைத் தின்னும் புழுவுக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் நஞ்சுகள் அவற்றிற் குறைவு. ஆகவே கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேனீக்குப் பெரிய ஆயுதசாலை தேவைப்படவில்லை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "பூச்சிநாசினி தேனீயின் மரபணுவை மாற்றுகிறது" என்று தலைப்பிட்டு வெளிவந்த செய்திகளை வாசகர்கள் கண்டிருக்கலாம். தலைப்பிடும் மேசையில் இருந்தவர்களுக்கு இடமின்மையின் நெருக்கடி தெரியும். எனினும் அத்தலைப்புத் தவறானது. நமது பாடசாலை நூல்களில் பரம்பரை அலகு என வழங்கப்படும் மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. மாறுவது அதன் செயற்பாடு. வீட்டில் நூறு மின்விளக்குகள் இருக்கலாம். எல்லாம் எப்போதும் எரிவதில்லை. எந்தக் கலத்தில், எந்த நேரத்தில், எந்த மரபணு எவ்வளவு எரிகின்றது என்பதே அதன் செயற்பாடு. எரியும் மரபணு ஆர்.என்.ஏ என்னும் தூதுப் படியை உண்டாக்கும். அப்படிகளை எண்ணினால் எது கூடியது, எது குறைந்தது என அறியலாம்.

மரபணுச் செயற்பாட்டுக்குத் தேனீயைக் காட்டிலும் சிறந்த பாடப்புத்தகம் இல்லை. இராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் பிறக்கும்போது ஒரே வகை முட்டையே. குடம்பிப் பருவத்தில் ஊட்டப்படும் உணவின் வேறுபாட்டினால் ஒன்று ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து இலட்சக்கணக்கில் முட்டையிடுகின்றது. மற்றொன்று கோடையில் ஐந்தாறு வாரங்களில் உழைத்துச் சாகின்றது. 2008இல் அவுஸ்திரேலியத் தேசிய பல்கலைக்கழகத்தில் ரிசார்ட் மலெஸ்காவின் குழுவினர், டி.என்.ஏ மீது இரசாயன முத்திரை குத்தும் ஒரு நொதியத்தின் மரபணுவைக் குடம்பிகளில் அடக்கிப் பார்த்தனர். இராணிக்குரிய உணவு அளிக்காமலே அவற்றிற் பெரும்பாலானவை இராணியின் இயல்புகளோடு வெளிவந்தன. அதற்கு முன்னர், 2003இல், இலினோய் பல்கலைக்கழகத்தில் ஜீன் ரொபின்சனின் குழுவினர் கூட்டுக்குள் குஞ்சு பேணும் தேனீயின் மூளையையும் வெளியே உணவு தேடும் தேனீயின் மூளையையும் ஒப்பிட்டனர். பரிசோதித்த சுமார் 5,500 மரபணுக்களில் 39 சதவீதமானவை வேறுபட்ட அளவிற் செயற்பட்டன. மூளையின் மரபணுச் செயற்பாட்டை மட்டும் பார்த்து, 60 தேனீக்களில் 57இன் தொழில் என்னவென்று அவர்களால் சரியாகச் சொல்ல முடிந்தது. தொழிலே மரபணுக்களின் எரிதலிலும் அணைதலிலும் தங்கியிருக்கும் ஓர் உயிரினத்தில், அவ்விளக்குகளை வெளியிலிருந்து வந்த ஒரு நஞ்சு தொட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

விடைகள் 2013இல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது, இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்து. ரைன்ஹாட் ஸ்டோகரின் குழுவினர் வெளியில் வைக்கப்பட்ட உண்மையான கூடுகளுக்கு 15 நாட்கள் இமிடாக்ளோபிரிட் கலந்த சீனிப்பாகு அளித்தனர். அளவு, ஒரு லீற்றரில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. அதாவது பிரான்ஸின் மகரந்தத்தில் அளக்கப்பட்டதற்கு ஒப்பான அளவு. பின்னர் குடம்பிகளை எடுத்து ஆர்.என்.ஏ படிகளை எண்ணினர். நஞ்சு முறிக்கும் பீ-450 மரபணுக்கள் சில உயர்ந்திருந்தன. அதே வேளையில் சீனியை எரித்துச் சக்தியாக்கும் பாதையின் மரபணுக்கள் ஒருசேரத் தாழ்ந்திருந்தன. புரதங்கள் உருக்குலையாது காக்கும் எச்.எஸ்.பி-90 என்னும் மரபணுவும் தாழ்ந்திருந்தது. எந்தக் குடம்பியும் சாகவில்லை. பழைய பரீட்சைத் தாளின்படி பாதிப்பு பூச்சியம். ஆனால் வளரவேண்டிய குழந்தை, உணவைச் சக்தியாக்குவதை விட்டு நஞ்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஆய்வு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலிருந்து வந்தது. பிரான்செஸ்கோ பென்னாக்கியோவின் குழுவினர், குளோதியானிடின் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் செயற்பாட்டைக் கூட்டுவதைக் கண்டனர். அம்மரபணு ஆக்கும் புரதமோ, பூச்சிகளின் நோயெதிர்ப்பினை முடுக்கிவிடும் முக்கிய பாதை ஒன்றை அடக்கிவைக்கும் தன்மையது. காவல் நாயின் வாயைக் கட்டும் கயிறு என்று சொல்லலாம். நஞ்சு அக்கயிற்றை இறுக்கியது. அதன் விளைவாக, வரோவா பரப்பும் சிறகு சிதைக்கும் வைரசு, அதுவரை அடங்கிக் கிடந்த தேனீக்களிலும் பெருகத் தொடங்கியது. பத்தொன்பது ஆண்டுகளாக "மருந்தா, நோயா" என்று நடந்த வாதத்தை இவ்வாய்வு வேறொரு தளத்துக்கு நகர்த்தியது. நோயே கொன்றிருக்கலாம், ஆனால் கதவைத் திறந்துவிட்டது யார்? என்னைப் பொறுத்தவரை, இவ்வழக்கின் முழுக் கோவையிலும் மிகவும் கனமான ஆவணம் இதுவே.

மூன்றாவது, அதே ஆண்டு இலினோயிலிருந்து வந்தது. மே பெரன்பாமும் சகாக்களும் மகரந்தத்தில் இயல்பாகவே உள்ள பீ-கூமாரிக் அமிலம் என்னும் பொருள் நஞ்சு முறிக்கும் மரபணுக்களைத் தூண்டிவிடுவதைக் கண்டறிந்தனர். நோயெதிர்ப்புப் புரதங்களை ஆக்கும் சில மரபணுக்களையும் அது எழுப்பியது. தேனை முழுவதும் எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோளச் சீனிப்பாகினை ஊட்டும் வழக்கம் அமெரிக்காவிற் பரவலானது. அப்பாகில் இப்பொருள் இல்லை. சிறிய ஆயுதசாலையின் திறப்பையும் நாமே எடுத்துக்கொண்டோம் என்பதே இதன் பொருள்.

தனித்தனியே சோதிக்கப்பட்ட மருந்துகள் ஒன்றுசேரும்போது என்ன நிகழும் என்பதும் இதே ஆயுதசாலையோடு தொடர்புடையது. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பங்கசுநாசினியான புரோப்பிகொனசோலைச் சேர்த்துக் கொடுத்தபோது தயாக்ளோபிரிட்டின் நச்சுத்தன்மை தேனீக்கு 559 மடங்கு உயர்ந்தது. பங்கசுநாசினி தேனீயைக் கொல்வதற்காகச் செய்யப்பட்டதன்று. அது பீ-450 நொதியங்களின் வேலையைத் தடுக்கின்றது. தடுக்கப்பட்ட தேனீ, வழமையாக எளிதில் முறித்துவிடும் நஞ்சுக்குப் பலியாகின்றது. வயலில் ஒரே வாரத்தில் இரண்டையும் தெளிப்பது எந்த நாட்டுக் கமக்காரனுக்கும் புதிய விடயமல்ல.

இதற்கிடையில் தேனீக்கள் எங்கே போயின என்ற கேள்விக்கும் விடை கிடைத்திருந்தது. 2012இல் பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகர ஆய்வாளர்கள் தேனீக்களின் முதுகில் மிகச் சிறிய வானொலி அடையாளச் சில்லுகளை ஒட்டி, சிலவற்றுக்குத் தயாமெதொக்சாம் கொடுத்துப் பறக்கவிட்டனர். மருந்துண்ட தேனீக்கள் வழிதவறித் திரும்பாமற் போவது கூடியது. அதே இதழில் ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் பல்கலைக்கழகத்து டேவ் கூல்சனின் குழுவினர், இமிடாக்ளோபிரிட் உண்ட பம்பிள் தேனீக் கூடுகளில் புதிய இராணிகளின் எண்ணிக்கை 85 சதவீதம் குறைந்ததாக எழுதினர். 1994இல் பெட்டிகளின் ஓரத்தில் நின்று "போனது வரவில்லை" என்று சொன்னவர்களின் வார்த்தை, பதினெட்டு ஆண்டுகள் கழித்து அறிவியல் சஞ்சிகையின் பக்கத்தில் ஏறியது. 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் தேனீக்களைக் கவரும் பயிர்களில் இமிடாக்ளோபிரிட், குளோதியானிடின், தயாமெதொக்சாம் ஆகிய மூன்றையும் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியது.

நமது நாட்டிற் காணப்படாத பம்பிள் தேனீயிடம் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் யானிக் வூமின் குழுவினர் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. குளோதியானிடின் உண்ட வேலைக்காரத் தேனீக்களில் 55 மரபணுக்களின் செயற்பாடு மாறியிருந்தது. 31 கூடின, மீதி குறைந்தன. இராணிகளிலோ 17 மரபணுக்களே மாறின. அவற்றுள் 16 கூடியிருந்தன. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இமிடாக்ளோபிரிட் ஏற்படுத்திய மாற்றங்கள் குளோதியானிடின் ஏற்படுத்தியவற்றோடு ஒத்துப்போகவில்லை. இராணிக்கொரு விளைவு, வேலைக்காரிக்கொரு விளைவு. ஒரு மருந்துக்கொரு விளைவு, அதன் தம்பிக்கு வேறொரு விளைவு. வேலைக்காரத் தேனீயிற் செய்த ஒரு சோதனையைக் கொண்டு முழு இனத்துக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் எழுதும் வழக்கத்துக்கு இது பலத்த அடி.

இவ்வழக்கில் எதிர்த்தரப்பினரும் ஆய்வுக்குப் பங்களித்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 2018இல் எக்சிற்றர் பல்கலைக்கழகம், ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையம் ஆகியவற்றோடு பேயர் நிறுவனத்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, தேனீயில் சி.வை.பி-9கியூ-3 என்னும் மரபணுவையும் பம்பிள் தேனீயில் அதன் ஒத்த மரபணுவையும் அடையாளம் கண்டனர். இவை ஆக்கும் நொதியங்கள் தயாக்ளோபிரிட்டை விரைவாக முறித்துவிடும்; இமிடாக்ளோபிரிட்டை முறிக்கமாட்டா. ஒரே குடும்பத்து மருந்துகளில் ஒன்று தேனீக்குக் கொடியதாகவும் மற்றொன்று சாதுவாகவும் இருப்பதன் இரகசியம் இதுவே. தேனீயைக் கொல்லாத மருந்தை இனி மரபணுவைப் பார்த்தே தெரிவு செய்யலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அடுத்த ஆண்டே அந்நம்பிக்கையில் ஒரு கீறல் விழுந்தது. குதிரைமசால் பயிரின் மகரந்தச் சேர்க்கைக்காக வளர்க்கப்படும் இலைவெட்டித் தேனீயில் இம்மரபணுக் குடும்பமே இல்லை எனவும், தயாக்ளோபிரிட்டுக்கு அது ஏனைய வளர்ப்புத் தேனீக்களைவிட 2,500 மடங்கிலும் அதிகமாகப் பலியாகக்கூடியது எனவும் கண்டறியப்பட்டது. உலகில் 20,000 தேனீ இனங்கள் வரையில் உள்ளன. தயாக்ளோபிரிட்டின் கதை வேறு விதமாக முடிந்தது. 2020 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. காரணம் தேனீயல்ல, நிலத்தடி நீரும் மனிதரின் இனப்பெருக்க நலமும்.

மரபணுவின் செயற்பாடு மாறுவது எல்லாமே கேடு என்று கொள்வதும் தவறு. வெயிலில் நின்றால் நமது உடலிலும் பல மரபணுக்கள் ஏறி இறங்குகின்றன. பீ-450 உயர்வது உடல் தன்னைக் காத்துக்கொள்வதன் அடையாளமாகவும் இருக்கலாம். நிறுவனங்களின் சட்டத்தரணிகள் இதனைச் சுட்டிக்காட்டுவதில் பிழையில்லை. ஆனால் நேப்பிள்ஸ் ஆய்வு மரபணுவில் தொடங்கி வைரசின் பெருக்கம் வரை சங்கிலியின் கண்ணிகளைக் காட்டியது. 2021இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் தனித்து வாழும் ஒருவகைத் தேனீயில் நடத்திய ஆய்வு, குடம்பிப் பருவத்தில் இமிடாக்ளோபிரிட் உண்டவை, வளர்ந்தபின் ஒரு துளி நஞ்சும் காணாவிடினும் 20 சதவீதம் குறைவான குஞ்சுகளையே ஈன்றதைக் காட்டியது. குழந்தைப் பருவத்தில் மாறியது முதுமைவரை தொடர்கின்றது என்றால், அதனை வெறும் ஏற்ற இறக்கம் என்று தள்ளிவிட முடியாது.

2018 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் மேற்சொன்ன மூன்று மருந்துகளையும் திறந்தவெளியில் முற்றாகத் தடைசெய்ய வாக்களித்தன. அவ்வாண்டு இறுதியில் தடை நடைமுறைக்கு வந்தது. பேயர் நிறுவனம் 2013ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு 2021 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றத்தில் இறுதியாகத் தோற்றது. பிரான்ஸ் 2018 செப்டெம்பரிலேயே தனது சட்டத்தின்மூலம் இன்னும் ஒரு படி மேலே சென்று அசெட்டாமிபிரிட் உட்பட இக்குடும்பத்தையே தடைசெய்திருந்தது. எனினும் 2020இல் செடிப்பேன் பரப்பிய மஞ்சள் நோய் சீனி பீட் பயிரைத் தாக்கியபோது, அதே பிரான்ஸ் அவசர அனுமதி என்ற பெயரில் பின்கதவைத் திறந்தது. பீட் செய்கையாளரின் நட்டமும் கற்பனையன்று. 2023 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் தடைசெய்யப்பட்ட மருந்து பூசிய விதைகளுக்கு இவ்வாறு அனுமதி வழங்குவது செல்லாது என்று தீர்ப்பளித்தது.

2025 ஜூலையில் பிரெஞ்சுப் பாராளுமன்றம் அசெட்டாமிபிரிட்டை மீண்டும் சில பயிர்களுக்கு அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் அனுமதி 2033வரை உள்ளது. அயல்நாட்டுச் செய்கையாளர் பயன்படுத்த, தாம் மட்டும் கைகட்டி நிற்பதா என்பது கமக்காரர் சங்கத்தின் கேள்வி. அதற்கு எதிரான மனுவில் இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். ஓகஸ்ட் 7ஆம் திகதி அரசியலமைப்புச் சபை, 2004ஆம் ஆண்டுச் சுற்றாடல் சாசனத்துக்கு முரணானது எனக் கூறி அப்பிரிவை மட்டும் நீக்கியது. சட்டத்தின் ஏனைய பகுதிகள் நான்கு நாட்களின் பின் நடைமுறைக்கு அனுப்பப்பட்டன. அசெட்டாமிபிரிட்டும் தயாக்ளோபிரிட்டைப் போலத் தேனீயின் பீ-450 நொதியங்களால் முறிக்கப்படுவதே. பங்கசுநாசினியோடு சேர்ந்தால் அதன் நச்சுத்தன்மை எத்தனை மடங்காகும் என்பதும் 2004இல் வெளிவந்த அதே ஆய்வில் அளக்கப்பட்டிருந்தது. புரோப்பிகொனசோலோடு 105 மடங்கு.